கோலாப்பூர் வண்டி வீடு வந்தது

இன்று காலை உங்கள் வண்டி வீடு வந்து சேர்ந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். தெருமுனையில் அந்தத் தடதட சத்தம் கேட்டது, எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஒரு நொடி எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? "வந்துட்டாரா மனுஷன், இனிமே பேச்சை மாத்த முடியாது" என்றுதான். பிறகே நினைவு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாணியம்பாடி மெக்கானிக் நியாஸ் பாய் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். பின்னால் வண்டி. அதே மகாராஷ்டிரா நம்பர், அதே கறுப்பு டாங்க். சீட்டுக்கு இரண்டு பக்கமும் பை மாட்டுகிற கம்பிகள் மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. பைகள்தான் வீட்டில் இருக்கின்றனவே. படுக்கையறை பீரோ மேல் உட்கார்ந்துகொண்டு, இந்த மழைக்குப் பூஞ்சை பிடித்து, எண்ணெயும் கடுக்காயும் கலந்த அந்த வாசனையை என் புடவைக்கெல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை இறக்கித் துடைத்து எண்ணெய் போடுகிறேன். போடும்போதெல்லாம் உங்களைத் திட்டுகிறேன். திட்டாமல் எண்ணெய் போட எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தை நான் மறக்கவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று எதிர்வீட்டுத் தென்னையை ஆராய்வது போல நடிக்கத் தொடங்கியிருந்தீர்கள். இடது தோளை நீவிக்கொண்டு "பஸ் கம்பிய புடிச்சு புடிச்சு வலிக்குது" என்பீர்கள். ரிட்டையர் ஆன மனுஷனுக்கு எந்த பஸ், எந்தக் கம்பி? நான் இருதயப் பிரிவில் வேலை செய்கிறவள். காலையிலிருந்து வெளி ஹாலில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவதுதான் என் பிழைப்பு. ஒரு பெயரை மூன்று முறை கூப்பிடுவோம். ஆள் வரவில்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். அந்த ஹாலில் உட்காருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு உங்கள் முகமும் புரியத்தான் செய்தது. மெஷினில் ஓடவிட்டு இருதயத்தைப் பார்க்கிற டெஸ்டுக்கு வாருங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்?

"அத்தினி பேர் முன்னாடி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவியா சிஸ்டர்?" என்று கேட்பீர்கள். நர்ஸைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்குக் கட்டிய பெண்டாட்டியையே ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்ட ஆள் இந்த ஜில்லாவில் நீங்கள் ஒருவர்தான்.

"கூப்பிடுவேன். உங்க அப்பா பேரோட சேத்துக் கூப்பிடுவேன்."

"கல்யாணமான நாள்லேர்ந்து ஏங்கன்னு தவிர வாயத் தெறந்ததில்ல. நீயாவது, கூப்பிடறதாவது."

அது உண்மை. சொல்லக்கூடாது என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் போனில் அந்த வண்டியின் படத்தைக் காட்டினீர்கள். தொலைதூரம் போகிற பெரிய வண்டி, கோலாப்பூரில் யாரோ விற்கிறார். காலமெல்லாம் வேலூர் சத்துவாச்சாரிக்கும் ஆம்பூருக்கும் பஸ்ஸில் போய்வந்த மனுஷனுக்கு அறுபது வயதில் ஒரு ஆசை. நானும் ஒரு கணக்குப் போட்டேன். வண்டி வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே வருகிறேன், ஆனால் டெஸ்டுக்கு வர வேண்டும் என்றேன். "வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் உன் மெஷின்ல ஏறி ஓடறேன்" என்றீர்கள். பைபிளின் மேல் கை வைக்கச் சொன்னேன். வைத்தீர்கள். அந்தக் கை எவ்வளவு சாமர்த்தியமான கை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

திருப்பதியிலிருந்து ரயில். கோலாப்பூரில் வண்டிக்காரர் வீட்டு வாசலில் நீங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இஞ்ஜினைப் பார்ப்பார்கள், செயினைப் பார்ப்பார்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். முப்பது வருஷம் ஆம்பூர் பேக்டரியில் தோலைத் தரம் பிரித்த நீங்கள் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த இரண்டு தோல் பைகளைப் பார்த்தீர்கள். கிள்ளினீர்கள், மடித்தீர்கள், உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினீர்கள், எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தீர்கள். கடைசியில் மூக்கை உள்ளே விட்டு மோந்தீர்கள். டீ வந்தது, ஆறியது, நீங்கள் நிமிரவில்லை.

"கடுக்கா போட்டுப் பதம் பண்ண தோலு. ஒரு கீறல் இல்ல பாரு. தோலையே இப்படி வெச்சிருக்கிறவன் இஞ்ஜின சும்மா உட்ருப்பானா?"

"இஞ்ஜினையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன்.

ஒரு உதை உதைத்தீர்கள். கிளம்பியது. "சத்தம் கேட்டல்ல? போதும் சிஸ்டர்." வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "பஹன்?" என்று மரியாதையாகக் கும்பிட்டார். தங்கச்சி என்று நினைத்துவிட்டார். அதைக்கூடத் திருத்தாமல் உங்கள் ஆம்பூர் உருதுவில் தோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு சுடிதார் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினேன். பெல்காம் வரை ஒன்றும் சொல்வதற்கில்லை, நன்றாகத்தான் இருந்தது. தார்வாட் தாண்டியதும் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. ஹூப்ளியில் ஆயில் ஒழுகியது. என் கால் பாதத்தில் சூடாக ஏதோ சொட்டுகிறது என்றால், "உன் பிரமை" என்றீர்கள். செருப்பைக் காட்டிய பிறகு, "ஆமா, லைட்டா ஒழுகுது" என்றீர்கள். தாவணகெரே பக்கத்தில் சாலையோரமாக நின்று வண்டிக்காரருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவர் நிதானமாக, என் தொழில் செருப்புத் தைப்பது, பைகளை வண்டி விற்பதற்கென்றே போன மாதம் தைத்து மாட்டினேன், தோலுக்கு நான் பொறுப்பு, இஞ்ஜினைச் செய்தது கம்பெனி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "நியாயமாத்தான் பேசறான். தோல்ல எதுனா குறை கீதா, சொல்லு?"

சித்ரதுர்காவில் மழை. இருந்த ஒரே மழைக்கோட்டைக் கழற்றிப் பைகள் மேல் போர்த்தினீர்கள். நான் நனைந்தேன். உடம்பு காய்ந்துவிடும், தோல் காயாது என்று எனக்கு விளக்கமும் சொன்னீர்கள். அன்று ராத்திரி லாட்ஜில் நான் உங்களோடு பேசவில்லை, நீங்கள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. மின்விசிறிக்கு நேராகப் பைகளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி என்று இருமி இருமி வந்தது. நாட்றம்பள்ளி தாண்டி வலப்பக்கம் ஏலகிரி தெரிந்ததும் எனக்கு வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வாணியம்பாடியில் நுழையும்போது இஞ்ஜின் கிறீச்சென்று இறுகி நின்றது. அதோடு சரி. நீங்கள் தள்ளிக்கொண்டு போனீர்கள். பத்தடிக்கு ஒருமுறை நின்றீர்கள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. நான் ரோட்டிலேயே உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பல்ஸ பாக்காத சிஸ்டர், பிளக்க பாரு" என்று கையை உதறினீர்கள். நான் அங்கேயே அழுதிருப்பேன். லாரிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று விட்டேன்.

நியாஸ் பாய் கடை அப்படித்தான் கிடைத்தது. பிரித்துப் பார்த்து, "பிஸ்டன் போச்சு சார், சாமான் வரணும்" என்றார். பெட்ரோல் பட்டுவிடும் என்று பைகளை மட்டும் கழற்றிக்கொண்டீர்கள். வேலூர் பஸ்ஸில் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். மறுநாள் காலையில் நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, "கிளம்புங்க, டெஸ்டுக்கு" என்றேன்.

நீங்கள் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ஒப்பந்தம் இன்னா? வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள். வண்டி வாணியம்பாடியில கீது. நான் மட்டுந்தானே வந்திருக்கேன்?"

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! ஆராதனை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, "பாய முடுக்கிட்டு வர்றேன்" என்று பஸ் ஏறுவீர்கள். சாமான் வரவில்லை, வந்த சாமான் சேரவில்லை, பாய் மச்சான் வீட்டுக் கல்யாணம். நானே ஒருமுறை போன் போட்டு அவரைப் பிடித்துக் கத்தினேன். "இன்னா பாய், ஒரு வண்டிக்கு இத்தினி மாசமா? இங்க இவருக்கு உயிர் போகுது" என்றேன். அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஆயிடும்கா" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கிய வாரம், அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் நீங்கள் வாணியம்பாடியிலிருந்து திரும்பி வந்து, மாடிப்படியில் பாதியில் நின்றீர்கள். தென்னையைத்தான் பார்க்கிறீர்கள் என்று கீழிருந்து ஏதோ கிண்டலாகச் சொன்னேன். நீங்கள் உட்கார்ந்தீர்கள், பிறகு சாய்ந்தீர்கள். நெஞ்சை அழுத்தியது என் கைதான். ‘ஏங்க, ஏங்க’ என்றுதான் அப்போதும் கத்தினேன். வண்டி வராமலேயே உங்களை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே உங்கள் பெயரை என்னோடு வேலை செய்கிற வேறொரு சிஸ்டர்தான் கேட்டு எழுதிக்கொண்டாள். அவளுக்கும் பக்கத்திலிருந்தவர்கள்தான் சொன்னார்கள்.

இன்று நியாஸ் பாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. உங்கள் அடக்கத்துக்கு வந்தவர் அதன் பிறகு இப்போதுதான் வருகிறார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சிய பாக்கத் தைரியம் வர்லக்கா. சார் இருக்கும்போதே வண்டி ரெடி. கிறிஸ்மஸுக்கு முன்னாடியே ரெடி."

எனக்குப் புரியவில்லை. "இன்னா சொல்றீங்க பாய்?"

"அல்லா மேல ஆணையா. சார்தான் எடுக்க வேணாம்னாரு. ஞாயித்துக்கெழம வருவாரு, ஸ்டார்ட் பண்ணுவாரு, ஆம்பூர் ரோட்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து தொடச்சு நிறுத்திட்டு பஸ்ல போய்டுவாரு. இன்னா சார் இது பேஜாரு, அப்டியே ஓட்டிக்கினு வூட்டுக்குப் போலாமேன்னு கேட்டேன். ‘வூட்டுக்குப் போனா என்ன மெஷின்ல ஏத்திடுவா பாய்’ன்னு சிரிச்சாரு. நானும் தமாஷுன்னு சிரிச்சேன்க்கா. நீங்க போன்ல கத்துன பொறவு அந்த வாரம் வந்தப்ப சண்டையே போட்டேன். அப்பத்தான் சொன்னாரு." பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "‘காலமெல்லாம் தோலைத் திருப்பிப் பாத்து, இது தேறாதுன்னு நான் தூக்கிப் போட்டிருக்கேன் பாய். என்ன ஒருத்தர் அப்டி திருப்பிப் பாத்து சொல்லிட்டா, அத அவ பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருப்பா. அது மட்டும் வேணாம்’னாரு."

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அழுதேன் என்றா? கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் அதே கோபம். பயம் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? தினம் அந்த ஹாலில் பயந்த ஆண்களைத்தான் நான் கை பிடித்து உள்ளே அனுப்புகிறேன். மீசையை முறுக்கிக்கொண்டு வருவார்கள், உள்ளே விரல் சில்லிட்டிருக்கும். உங்கள் விரலையும் பிடித்திருப்பேன். டாக்டர் என்ன சொன்னாலும் நான் பக்கத்தில் நிற்பேன் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம். அதையே நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். அடைப்பு இருந்தால் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் ஐயா. தோலைப் போல யாரும் தூக்கிப் போடுவதில்லை.

பாய் போன பிறகு பீரோ மேலிருந்து பைகளை இறக்கினேன். மாட்டத் தெரியவில்லை, வார் இழுக்க இழுக்க நழுவியது. ஒருவழியாக மாட்டினேன். தோலில் ஒரு குறையும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, பையோடு, எல்லாமாக. இனிமேல் சொல்ல உங்களிடம் ஒரு சாக்கும் கிடையாது.

அதனால் அங்கேயே போர்டிகோவில், வண்டிக்குப் பக்கத்தில் நின்று உங்களைக் கூப்பிட்டேன். ஏங்க என்றல்ல. உங்கள் பெயரை, உங்கள் அப்பா பெயரோடு சேர்த்து, ஹாலில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அதே குரலில் கூப்பிட்டேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார். மறுபடி ஒருமுறை கூப்பிட்டேன்.

மூன்றாவது முறை கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அடுத்த பெயருக்குப் போக வேண்டும். அதை என்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறேன்.