பதினொன்று வரை எண்ணினேன்

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

லேபில் எலிகளுக்குப் போடும் மருந்தை அக்காவுக்குக் கொடுத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். கடல் தாண்டி இருப்பவர்களுக்கு யோசனை சொல்வது சுலபம். புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, இருபத்திரண்டு வருடமாக எலியின் வாலில் புற்றுச் செல்லை ஊசியால் ஏற்றுகிறேன். மூன்றாம் வாரம் அதைக் கொன்று, நுரையீரலில் எத்தனை கட்டிகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணுகிறேன். எங்கள் மருந்தால் கட்டிகள் பாதியாகக் குறைந்தது உண்மை. எலிகளின் கல்லீரல் கெட்டதும் உண்மை. முதல் உண்மையை இயக்குநர் தன் பெயரில் கட்டுரையாக்கிக்கொண்டார். இரண்டாவதை நான் பையில் கட்டி எரிக்க அனுப்பினேன்.

போன செவ்வாய் டாக்டர் அக்காவின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். லேபில் நான் சத்தமாக எண்ணுவேன், உதவியாளர் குறித்துக்கொள்வாள். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் வாய்விட்டு எண்ணிவிட்டேன். பதினொன்றில்தான் சுதாரித்தேன்.

எதைடா எண்ணுறே என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா. விலா எலும்பு என்றேன். "முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவகிட்டயே கதை விடுறியா? ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டுடா கழுதை. மிச்சம் ஒண்ணை எங்க முழுங்கினே?" என்று சிரித்தாள். டாக்டரும் சிரித்தார்.

பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள், "பதினொண்ணு வந்த எலி எத்தனை நாள் இருக்கும்?" தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது. எண்ண வேண்டுமென்றால் எலி செத்திருக்க வேண்டும். பதினொன்றோடு உயிர் வாழும் எதையும் நான் பார்த்ததில்லை. நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

நுரையீரலுக்குப் பரவியதைச் சின்னவனிடம் சொல்லக் கூடாது, அலறியடித்துக்கொண்டு ஓடி வருவான் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ ஓடி வருகிற ஆளா என்பது எனக்குத் தெரியும். அப்பா போனபோது நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடித்து வீட்டைக் கழுவியே விட்டிருந்தோம்.

நேற்று அவளும் உன்னைப் போலவே கேட்டாள்: "உன் எலிங்க குடிச்சு வச்ச மிச்சம் ஏதாவது இருந்தா கொண்டாயேன்." வேடிக்கையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு வா. மருந்து இருக்கும் குளிர்பெட்டியின் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளவாவது வா.

கோபம் தீராமலே,
உன் அண்ணன்