பட்டு நூல் சுற்றிய கத்தி

இன்று காலை வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊறவைத்த தேங்காய்நார்க் கயிற்றின் வாடை தெருமுனைக்கே வந்து என் மூக்கைப் பிடித்தது. சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டேன். பக்கத்தில் நீ இல்லை. நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். ஆனால் அந்த மூன்றையும் முழுசாகப் படித்தவன். எங்கள் வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்பார். அதனால் இந்த மடலை நானே எழுதுகிறேன். என் கையை என் கத்திதான் காப்பாற்றியது என்று பத்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்தக் கதையை ஒரு தரமாவது நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பந்தல் வேலையில் நீயும் நானும் கூட்டாகச் சேர்ந்த வருஷம், இருவருக்கும் இடுப்பில் செருக ஒரு கத்தி தேவைப்பட்டது. நான் மூர் மார்க்கெட் போனேன், பார்த்தேன், வாங்கினேன். ஒன்றரை சாண் நீளம், மான்கொம்புப் பிடி, பித்தளைக் குமிழ் வைத்த சிவப்புத் தோல் உறை. ஆற்காட்டு நவாபின் படைத்தளபதி வைத்திருந்தது என்று கடைக்காரர் சொன்னார். தளபதி என்று அவர் சொன்னார், நவாப் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

நீ மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய். வாலாஜாபாத் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த கொல்லர் பட்டறைக்கு உன்னோடு அலைந்து என் செருப்பு தேய்ந்தது. மடக்குக் கத்தி ஒன்றைக் கொல்லர் ஆசையாக எடுத்துக் காட்டினார். நீ தொடக்கூட இல்லை.

"மேல நிக்கும்போது ஒரு கை மூங்கிலப் புடிச்சுக்கினு இருக்கும்பா. மிச்சம் ஒத்தைக் கைதான். அதுல எப்படி இதப் பிரிப்பேன்?"

லாரி ஸ்பிரிங் பட்டையில் நாலு விரல் நீளத்துக்கு அலகு அடிக்கச் சொன்னாய். முனை கூர்மையாக இருக்கக் கூடாது என்றாய். அடித்ததும் இடுப்பில் செருகிக்கொண்டு பட்டறை நடுவில் உட்கார்ந்தாய், எழுந்தாய், மறுபடி உட்கார்ந்தாய். தொடையில் குத்துகிறது என்று முனையை இன்னும் மழுக்கச் சொன்னாய். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வலக்கையால் உருவினாய், இடக்கையால் உருவினாய். வழுக்குகிறது என்று பிடியில் வரிவரியாகக் கீறச் சொன்னாய்.

"இன்னாபா இது, பொண்ணு பாக்கிறாரா?" என்று கொல்லர் என்னைக் கேட்டார்.

"பொண்ணக்கூட ஒரே தபா பாத்துட்டு சரின்ட்டான்" என்றேன்.

உறை விஷயத்தில்தான் நீ என்னைச் சிரிக்க வைத்தாய். தோல் வேண்டாமென்று இரண்டு மெல்லிய மரச்சில்லுகளைச் சேர்த்து, உன் அக்கா வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டுப் பாவு நூலை வாங்கி வந்து, மேலே நெருக்கமாகச் சுற்றினாய். அரக்கு நிறம், நடுவில் மஞ்சள். தெருவெல்லாம் வேடிக்கை பார்த்தது.

"கத்திக்கே பட்டுப்புடவை கட்டிட்டியா? முகூர்த்தம் எப்போ மச்சான்?" என்று கேட்டேன்.

"கோயில் வேலைன்னா வாசல்லயே தோலக் கழட்டணும். அப்புறம் உள்ள போயி பல்லால கடிப்பியா கயித்த?" என்றாய். நான் காதில் வாங்கவில்லை.

அந்த வருஷம் வைகாசி உற்சவத்துக்குப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் பந்தல். என் பச்சைப் பெல்ட்டு துணிதான்; அதை விட்டார்கள். கத்தியின் உறை தோல். "தோல் சாமான் வெளிய வெச்சுட்டுப் போப்பா" என்று காவல்காரர் சொன்னார். நவாப் கத்தி செருப்புகளோடு செருப்பாக வாசலில் கிடந்தது.

நாற்பது அடி உயரத்தில் நின்றிருந்தேன். சரி, உனக்குத் தெரியும், பதினெட்டு அடி. கீழே திருப்புட்குழியிலிருந்து வந்த இரண்டு ஆட்கள் சவுக்குமரத்தைக் கட்டி அனுப்ப, மேலிருந்து நான் ஒருவனே இழுத்தேன். இரண்டு பேர் இழுக்கிற மரம் அது. பிடி நழுவக் கூடாதென்று கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். பாதி வழியில் மரம் திரும்பிச் சரிந்தது. முழுப் பாரமும் என் கையில் இறங்கியது. இடக்கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். வலக்கை தோளோடு பிய்ந்துவிடும்போல் இருந்தது. ஈரக்கயிறு சதைக்குள் போனது. விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். இந்தக் கை போனால் பந்தல்காரனுக்கு என்ன இருக்கிறது? கத்தி இடுப்பில் இல்லை என்று தெரிந்தும் கண் அங்கேதான் போனது.

நீ குறுக்கு மூங்கிலில் வந்துகொண்டிருந்தாய். ஓடி வரவில்லை. அந்த நிதானத்தைப் பார்த்து அப்போது உன்னைத் திட்டினேன்.

"கீழ தள்ளிப் போங்கப்பா! மரம் வருது!" என்று முதலில் அவர்களைப் பார்த்துத்தான் கத்தினாய். அவர்கள் விலகும்வரை காத்திருந்தாய். பிறகு ஒரு கை மூங்கிலில், ஒரு கை இடுப்பில். ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. மரம் விழுந்த சத்தத்தில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தது.

கீழே இறக்கி உட்கார வைத்து, "கட்டவிரலால ஒவ்வொரு விரலாத் தொடு" என்றாய். தொட்டேன். சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. உன் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். வெகுநேரம் கழித்துச் சுண்டுவிரலும் வந்தது. "போடா" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் டீக்கடையில் நான் கதையை அவிழ்த்துவிட்டேன். தலைகீழாகத் தொங்கினேனாம், நவாப் கத்தியை உருவினேனாம், நானே அறுத்தேனாம். டீக்கடைக்காரர் உன் பக்கம் திரும்பினார்.

"நெசமாப்பா?"

நீ டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னாய்: "நெசந்தான். இன்னா பளபளப்புன்ற அந்தக் கத்தி!"

திருப்புட்குழிக்காரர்கள் இருவரும் உற்சவம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆள் இல்லை. சொன்ன பிறகு அந்தப் பெரிய கத்தியைக் கழற்றி வைக்க முடியுமா? பெல்ட்டில் எல்லோருக்கும் தெரிய அது. ஆனால் அதே கொல்லரிடம் தனியாகப் போய், உன் கத்தி அளவுக்கே ஒன்று அடிக்கச் சொல்லி வாங்கி, மர உறை போட்டு, வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். கயிறு அறுத்ததெல்லாம் அதுதான். நீ அந்தப் பக்கம் திரும்பும்போதுதான் எடுப்பேன். பத்து வருஷம் இரண்டு கத்தி. குனிந்தால் ஒன்று விலாவில் இடிக்கும், ஒன்று வயிற்றில் அழுத்தும்.

உன் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு உன் மனைவியிடம் போய் நின்றேன். "தங்கச்சி, அன்னைக்குக் கோயில்ல கயித்த அறுத்தது நான் இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். இனி இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் தரமாட்டார்கள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தெரியும்ணா. அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு. ஆனா நீ சொல்றதுதான் கேக்க நல்லா இருக்குதாம், யாராவது கேட்டா அதையே சொல்லுன்னாரு."

பிறகு என் இடுப்பைப் பார்த்தாள்.

"ரெண்டு கத்தி செருகிக்கினு குனிய முடியாம திண்டாடறான், பாவம், எப்ப எறக்கி வெப்பானோன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

திரும்பித் திரும்பி நின்று நான் மறைத்ததெல்லாம் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லையப்பா. மூச்சு நன்றாக வந்தது.

பெரிய கத்தியை அன்றைக்கே என் வீட்டில் கொடுத்துவிட்டேன். பலாப்பழம் அறுக்க நன்றாக இருக்கிறதாம். சின்னது இப்போது பெல்ட்டில், வெளியே தெரிய இருக்கிறது. யார் தேர்ந்தெடுத்த அளவு என்று கேட்பவர்களுக்கு உன்னைச் சொல்கிறேன். நீ அன்றைக்கு மூங்கில்மேல் நடந்து வந்தாயே, அந்த உயரத்தை மட்டும் அறுபது அடி என்று சொல்லியிருக்கிறேன். அதை யாரும் குறைக்க விடமாட்டேன்.