வெண்டிக்காயைப் பார்த்துக் கீரைக்குச் சொன்ன தீர்ப்பு

ஜூலை 5, 2024, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் தோட்டத்துக் கீரையைப் பங்கு வைத்தார்கள். ஏழு வீடுகளுக்கு. எல்லாம் ஆண் துணை இல்லாத வீடுகள். நானும் கங்குன் கீரை, முளைக்கீரை, பயற்றங்காய், வெண்டிக்காய் என்று ஒவ்வொரு பிடி வாங்கினேன். சமைக்க அல்ல. ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் சோதித்துக் காட்ட.

ஜூலை 9

கங்குனில் கட்மியம் என்ற நச்சு உலோகம், இருக்கலாம் என்ற அளவைப்போல் நாலு மடங்கு. முளைக்கீரையில் மூன்று. காய்கள் இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே மண், ஒரே தண்ணீர்.

இரும்பும் நாகச்சத்தும் போகிற வழியாலேயே கட்மியமும் வேருக்குள் போகும். கீரை அதை இலைவரை ஏற்றிவிடுகிறது. வெண்டி காய்க்கு அவ்வளவாக விடுவதில்லை. இதை வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள் நான்.

குப்பை கொட்டி நிரப்பி, மேலே கிறவல் மண் போட்ட காணி அது. இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளி நிர்வாகம் கேட்டபோது வெண்டிக்காயை மட்டும் சோதித்துவிட்டு ‘எதையும் நடலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். படித்த மடைச்சி.

ஜூலை 10

பள்ளித் தலைவர் ஷரிபுதீன் ஹாஜியாரிடம் சொன்னேன். “ரெண்டு வருஷமாத் தின்னுதுகள், ஒன்டும் ஆகல்லயே புள்ள. நாங்க கூடிப் பேசுறம். வெளிய கதைக்க வாணாம்” என்றார்.

ஜூலை 12, வெள்ளி

இன்றும் கீரை கொடுத்தார்கள். பங்கு வைக்குமுன் ஹாஜியார் வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் கூடையில் மட்டும் கீரை இல்லை. வெண்டிக்காயும் பயற்றங்காயும்தான். போன கிழமைவரை கங்குன் கட்டுக் கட்டாகப் போன கூடை அது. சீ!

நான் மட்டும் என்ன? பார்த்துக்கொண்டு வாயை மூடித்தானே நின்றேன்? வெளியே தெரிந்தால் என் பெயரும் நாறும் என்றுதானே?

ஜூலை 14

உம்மா கீரைச் சுண்டல் வைத்தா. கடையில் வாங்கியதுதான். தட்டைத் தள்ளிவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஏழு பெண்களுக்கும் முன்னால், என் பிழை என்றே சொன்னேன். “பள்ளிட மானத்த வாங்கிட்டிங்க” என்றார் ஹாஜியார். இனி அந்தப் பக்கம் வரவேண்டாமாம்.

பெண்கள் கீரைக் கட்டுகளை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். றபீக்கா மட்டும் நின்றாள் — தையல் தைத்து நாலு பிள்ளைகளை வளர்க்கிறவள்.

“நீங்க நல்லம் என்டு சொன்னதாலதான் மிஸ், புள்ளைகளுக்கு அடிச்சி அடிச்சித் தீத்தின நான். தின்டது இனி ஒடம்ப உட்டுப் போகுமா?”

சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் அது லேசில் போகாது. அதைச் சொல்லாமல், பிள்ளைகளின் சிறுநீரைச் சோதிக்கக் கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

ஜூலை 24

காலையில் கிளினிக். ஏழு வீடுகளிலும் பதினொரு பிள்ளைகள். சிறுநீர்ப் போத்தல்களில் பெயர்களை நான்தான் எழுதினேன். ஆகச் சின்னவளுக்கு இரண்டு வயது.