இருபத்திரண்டு சதுர அகலத்தில் ஒரு முகம்

நவம்பர் 10, திங்கள்

விடியவே மழை. உரும்பிராய்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்க, செருப்பு முழுக்கச் சேறு. அச்சுக் கடையில் எனக்கு மூன்று வேலை: பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் பனர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு, ரியூசன் நோட்டீஸ்.

பத்து மணிபோல் புத்தூரிலிருந்து ஓர் அம்மா. பெயர் பரமேஸ்வரி. மகன் சுதன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். வீட்டுப் படமெல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது. கனடாவிலிருந்து அம்மாவின் தமையனின் மகன் போனுக்கு அனுப்பிய படம் ஒன்றுதான் மிச்சம். பாடசாலைக் கிரிக்கெட் அணி, பின்வரிசையில் கடைசி ஆள். சனிக்கிழமை காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடுகிறார்கள். பிடித்துக்கொண்டு நிற்க முகம் மட்டும் பெரிதாக வேண்டுமாம்.

பெரிதாக்கினேன். வெறும் சதுரங்கள். எண்ணினேன். முகம் முழுக்க அகலம் இருபத்திரண்டு பிக்சல். கண்ணுக்கு மூன்று. வாய் ஒரு கறுப்புக் கோடு.

"உள்ளுக்கை இருக்கும்தானே பிள்ளை. இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கோ."

"இல்லையம்மா. படம் எண்டதே உந்தச் சதுரங்கள்தான். பெருப்பிச்சால் சதுரம்தான் பெருக்கும். அதுக்குள்ளை வேறை ஒண்டும் இல்லை."

நம்பவில்லை. எனக்கு வேலை தெரியாது என்று நினைத்திருப்பார்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விடவில்லை. கரண்ட் இரண்டு தரம் போனது. படம் அனுப்பிய கனடாக்காரருடன் போனில் கதைத்தேன். அசல் படத்தை நேராக ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

"இஞ்சை வீட்டுக்குள்ளை வெள்ளம் வந்து அல்பம் ஊறிப்போச்சு. எறிஞ்சிட்டம்."



கடைக்கார அண்ணை: "ஏஐயிலை போடுமன் பிள்ளை. வடிவாச் செய்து தரும்."

போட்டேன். இமைமயிர், பல், கன்னத்தில் வெளிச்சம், எல்லாம் வந்தது. திரும்பப் போட, வேறொருவன். மூன்றாம் தரம் இன்னொருவன். மூன்று பேரும் எங்கும் பிறக்காதவர்கள்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். அம்மா வந்தார். நான் வாய் திறக்க முன் அண்ணை இரண்டாவது முகத்தைத் திரையில் போட்டுவிட்டார்.

நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "உப்பிடித்தான் இருந்தவனோ? பதினாறு வருசமாச்சு பிள்ளை. எனக்கு அவன்ரை மூக்கு மறந்துபோச்சு."

தலையாட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். ஆட்டச் சொல்லி அண்ணையும் கண் காட்டினார். முடியவில்லை.

"அம்மா, உது மெசின் தானா வரைஞ்சது. உங்கடை மகனை அதுக்குத் தெரியாது."

அழவில்லை. "அப்ப அவன்ரையைத் தாங்கோ."

சதுரங்களை அப்படியே பெரிய தாளில் அடித்தேன். கையில் வாங்கிப் பார்த்தார். மண்ணிறக் கட்டங்கள், சாம்பல் கட்டங்கள். முகமே இல்லை. திருப்பித் தந்தார்.

"றோட்டுக்கு அங்காலை போய் நிண்டு பாருங்கோ அம்மா. தூரத்திலை கட்டமெல்லாம் ஒண்டாச் சேரும்."

குடை இல்லாமலே கடந்து போனார். நான் வாசலில் நின்று தாளைப் பிடித்தேன். இடையில் ஒரு பஸ் போனது.

"கொஞ்சம் மேலை தூக்குங்கோ."

தூக்கினேன்.

"ஓம். அவன்தான்."

வரச் சொல்லிக் கை காட்டினேன். இரண்டடி வைத்தார். தாளைப் பார்த்தார். கிட்ட வர முகம் கலைந்திருக்கும். நின்றார். திரும்பப் பின்னுக்குப் போய் மதிலோடு சாய்ந்துகொண்டார். மழை வலுத்தது. தாள் நனைகிறது என்று அண்ணை உள்ளேயிருந்து கத்தினார். தோள் இரண்டும் நொந்தன. இறக்கவில்லை. அவரும் வரவில்லை.