புளியமர நிழலில் முள்செடி

மாசி 3, சனி

காலையில் பனி. ஜமுனாமரத்தூர் லாட்ஜில் வெந்நீர் கிடையாது. போளூரிலிருந்து பஸ்ஸில் வந்ததில் முதுகு போயிற்று.

கொண்டுவந்தவை: செடி அழுத்தும் பலகை, பழைய பேப்பர், லென்ஸ், ஸ்வெட்டர். மறந்தது சீப்பு.

வேலை ஒன்றுதான். மூன்று வருஷம் முன்னால் நானும் முரளியும் கோவிந்தம்மாள் நிலத்துப் புளியமரத்தடியில் எடுத்த முள்செடி. பந்து மாதிரி உருண்டைப் பூ. இப்படிப் பூக்கிற பழைய இனத்துக்கு இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். இதற்கு இல்லை. புதுச் செடி என்று குதித்தேன். காய் பார்க்காமல் அறிவிக்க முடியாது. அதற்குள் முரளி அஸ்ஸாமுக்கு வேலை மாறிப் போய்விட்டான். போகாதே என்று நானும் சொல்லவில்லை. தனியாக இங்கே வர இத்தனை நாள் மனசு வரவில்லை.

புதுசு என்றால் செடியின் பெயருக்குப் பின்னால் எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து நிற்கும். எந்தக் கல்யாணப் பத்திரிகைக்கும் அந்த ஆயுசு கிடையாது. அவனுக்குப் போன் செய்யவும் ஒரு காரணம் ஆயிற்று. முள்செடியை நம்பி ஒரு பிழைப்பு.

மாசி 4, ஞாயிறு

நல்ல வெயில். கோவிந்தம்மாள் புளி உலுக்கப் போகிறாள். உதிர்கிற பழம் பொறுக்க மரத்தடியைச் செதுக்கிப் பெருக்கி வைத்திருக்கிறாள். நடுவில் மூன்று முள்செடி மட்டும், சுற்றிலும் பழைய சேலைக் கிழிசல் கட்டி.

"அந்த சாரு வர்லியாம்மா? காய் எடுக்க அம்மா வருவாங்க, புடுங்காதன்னு சொல்ட்டுப் போனாரு. வருசா வருசம் வுட்டு வெக்கிறேன். கூலிக்கு வர்றவளுங்க கால்ல குத்திக்கினு என்னத் திட்றாளுங்க."

இங்கே இதற்கு என்ன பேர் என்று கேட்டேன்.

"முள்ளுதான். பேரு வெச்சா புடுங்க மனசு வருமா?"

காய் முற்றியிருந்தது. பத்து எடுத்தேன்.

மாசி 5, திங்கள்

லென்ஸில் மூன்று தடவை. காயின் தலையில் குட்டை மயிர் வளையம். பழைய இனத்துக்கு உள்ளதேதான்.

பிறகு மரத்தடியை விட்டு, சாமை அறுத்த நிலத்து வெயிலில் நடந்தேன். முப்பது அடியில் அதே செடி, நாலைந்து. இலையைத் திருப்பினால் வெள்ளைப் பஞ்சு. நிழலில் வளர்ந்ததற்குப் பஞ்சு இல்லை, அவ்வளவுதான். காலேஜ் பிள்ளைகள்கூட வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று எடுப்பார்கள். செடி எடுத்த அன்று முரளி எலுமிச்சை சாதம் கட்டி வந்திருந்தான். கை கழுவ அவன்தான் போனான். நான் நிழலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அழுதேன். இனிப் பிடுங்கிவிடலாம் என்று கோவிந்தம்மாளிடம் சொன்னேன்.

"இன்னிக்கி வாணாம். இருக்கட்டும்," என்றாள்.

மாசி 6, செவ்வாய்

மேகம். சிக்னல் கிடைக்கிற வளைவு வரை நடை. போன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"நம்ம முள்செடி புதுசு இல்ல, முரளி."

"ம். நிழல்ல வளர்ந்தது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். கை கழுவப் போனப்போ வெயில்ல இருந்ததைப் பார்த்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அந்த நிழலை விட்டு எழுந்திருப்பே."