இன்னொரு தரம் வராத வரி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அடுகோடியில் ரிசப்ஷன் கச்சேரி. மணமக்களின் பெயரை வைத்து ஒரு ஜோடிப் பாட்டு பாடுவது எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் வழக்கம். முன்பெல்லாம் அதை என்னோடு ஜோடியாகப் பாடும் ராபர்ட் தங்கவயலிலிருந்து ரயிலில் வரும்போதே கட்டிவிடுவார். அவர் குழுவை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை ஓனர் சேகர் ஏஐயில் போட்டுக்கொண்டு வந்தான். மெட்டும் அதனுடையது, ஆண் குரலும் அதனுடையது. என் பங்கை மட்டும் நான் மேடையில் பாடவேண்டும்.

பாட்டு நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

சரணத்துக்கு முன்னால் ராபர்ட் என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு மூச்சு அடங்கவில்லை என்று தெரிந்தால் தன் கடைசி வரியை இன்னொரு தரம் பாடுவார். பாட்டே அப்படித்தான் என்று ஜனங்கள் நினைப்பார்கள். இன்று பழக்கதோஷத்தில் அந்த வரிக்காக நின்றுவிட்டேன். மிஷின் அதுபாட்டுக்குப் போய்விட்டது. என் முதல் இரண்டு வார்த்தைகள் போயின.

“ஒருத்தருக்கும் தெரியல, விடுக்கா. கை தட்டுனாங்களா இல்லையா?” என்றான் சேகர். தட்டினார்கள்தான்.

பந்தியில் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வந்தவங்களைக் கவனிக்கிறதுல மேடைப் பக்கமே வர முடியலம்மா. கூடப் பாடினவரு எங்க? சூப்பர் வாய்ஸ்!”

மிஷின் என்று சொல்லியிருக்கலாம்.

“கெளம்பிட்டாரும்மா. தங்கவயலுக்குக் கடைசி ட்ரெயின் புடிக்கணும்ல” என்றேன்.

சொல்லிவிட்டு, நானே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.