விளக்கு அறைக்குள் மூன்று பேர்

என் ஆசைப் பெரியண்ணை,

மேலுலகத்திலேயும் நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோடுதான் நிற்பீர்கள். உங்கள் ஸ்டேஷன் செய்தி கொண்டுவந்திருக்கிறேன். ரயில் நின்றுபோன அந்தக் கட்டடம் இப்போது மரபுரிமைச் சின்னம். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிவிட்டேன். மீன்கடைக்காரனே எனக்கு எழும்பி நின்றான் என்றால் பாருங்களேன்.

போன ஞாயிறு என் மனுசி பூமணியையும் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் கொடுத்த ஜன்னலில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். சிக்னல் கையை இறக்கியபடியே ஆணி அடித்துவிட்டார்கள், படம் எடுக்க வடிவாம். வராத ரயிலுக்கு வழி விட்டுக்கொண்டு நிற்கிறது. கண்டால் யாரை அறைந்திருப்பீர்கள்? சுவரில் பெரிய பலகை. எப்போதோ அங்கே தேநீர் குடித்த வெள்ளைக்காரத் துரையின் பெயர் இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை.

விடுவேனா? பொறுப்பாக இருந்த பிள்ளையைப் பிடித்தேன்.

"தங்கச்சி, கலவரத்துக்குள்ள என்ர அண்ணை இஞ்ச ரெண்டாயிரம் தமிழ்ச் சனத்தை ஒளிச்சு வைச்சவர். கத்தியோட வந்தவங்களே சல்யூட் அடிச்சுப்போட்டுப் போனவங்கள்."

அவள் சிரித்தாள். "ரெண்டாயிரமா? கூரையிலயும் இருந்தவங்களா அங்கிள்?"

"ஓம், கொஞ்சப் பேர் கூரையில."

பூமணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்கள் வாயை மூடுங்கோ. மூண்டு பேர், பிள்ளை. அம்மா, தம்பி, நான். அந்த விளக்கு அறைக்குள்ள. மாஸ்டர் வெளியால பூட்டிப்போட்டு, உள்ளுக்க மண்ணெண்ணெய்தான் எண்டு அவங்களுக்குச் சொன்னவர். ரயில் வந்து, எங்களைக் கார்ட் பெட்டியில ஏத்தி முடியிறவரைக்கும் சிக்னலை இறக்கேல்லை."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், பிறகு பூமணியைப் பார்த்தாள். "இதையும் அங்கிள்தான் சொல்லித் தந்தவரா, ஆன்ட்டி?"

பூமணி விளக்கு அறைப் பக்கம் நடந்தாள். அது இப்போது கழிவறை, அண்ணை. கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்காமல் முன் சீட்டில் போய் இருந்தாள்.

துரை தேநீர் குடித்ததற்கு இவர்கள் யாரிடம் சாட்சி கேட்டார்கள்? மூன்று உயிர் ஒரு பலகையில் ஒரு வரிக்குக் காணாதா? மூன்று என்றால் எவன் திரும்பிப் பார்ப்பான் என்றுதானே நான் ரெண்டாயிரம் என்றேன்!

வருகிற ஞாயிறும் போவோம். உங்கள் பெயர் ஏறும்வரை போவோம். பூமணி சொல்வாள். நான் பக்கத்தில் நின்று ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். நம்பமாட்டீர்கள், தெரியும். உங்கள் மேல் ஆணை.

நீங்கள் காப்பாற்றியவளைக் கட்டிய
உங்கள் கடைசித் தம்பி